லைட்டுக்குத் திசை கிடையாது

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள்.

ரஹ்மத். முதலாளியம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவர். ஆறு சட்டி, ஆறு மோட்டார், எல்லாம் அவர் போட்டது.

பெரிய பாய். ரஹ்மத் வீட்டுக்காரருக்கு அண்ணன். கொட்டகை அவருடையது.

மாரியம்மாள். வன்னியம்பட்டியிலிருந்து வருகிறவர். அடுப்பும் பதமும் அவர் பொறுப்பு.

பேச்சி. மாரியம்மாளுக்கு நாத்தனார். கூட வேலை. சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

ராஜு. ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். ராஜபாளையம். வீட்டில் தெலுங்கு.

சோழபுரத்துச் சித்தப்பா. கல்யாண மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. சரக்கு எடுக்க வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

நான். அந்த மோட்டார்களுக்கு வயர் இழுத்தவன்.

ஏழு பேர்.

நீங்கள் வேலைக்குப் புதிது. ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்து இவ்வளவுதான் வரும். மில், தறி, பேண்டேஜ் துணி கம்பெனி என்று முப்பத்தெட்டு வருஷம் மோட்டாரோடு இருந்துவிட்டு ஓய்ந்தேன். எந்த வயர் எங்கே போகும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதை விடுங்கள். நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். நாங்களே சிரித்தோம்.

ரஹ்மத் பதினோரு வருஷம் கையால் கிண்டியவர். வலது தோள் போய்விட்டது. தலை சீவக் கை மேலே போகாது. மாரியம்மாளுக்கும் அப்படித்தான். அதனால்தான் சட்டிக்கு மோட்டார் வைத்தார். மோட்டார் ஒரு இரும்புக் கையைச் சுற்றும். அந்தக் கையின் அடியில் சாய்வாக ஒரு கட்டை. அது சட்டியின் அடியை வழித்துக்கொண்டே போகும். பால் அடி பிடிக்காது.

பெரிய பாய்க்கு இது பிடிக்கவில்லை. மெஷினில் கிண்டினால் அது பால்கோவா இல்லை, பசை என்றார். வாரம் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போவார்.

அப்போதுதான் அந்தக் கல்யாண ஆர்டர் வந்தது. எழுபத்தைந்து கிலோ. சாயங்காலம் ராஜபாளையத்தில் வரவேற்பு. ரஹ்மத் அதுவரை அவ்வளவு பெரிய ஆர்டர் எடுத்ததில்லை.

அன்றைக்குக் காலையில் பாய் வந்து வாசலில் நின்றார்.

"ரஹ்மத்து, எழுபத்தஞ்சு சொல்லியிருக்கியாமே."

"ஆமா மச்சான்."

"ஒரு கிராம் கொறைஞ்சாலும் சரி, இந்த ஆறு மோட்டாரையும் கழத்தி ரோட்டுல வச்சிருவேன். பொறவு பழையபடி கரண்டிதான். இது எங்கொட்டகை."

"சரி மச்சான்."

"அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது."

"நான் எப்ப மச்சான் அழுதேன்?"

பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுபத்தைந்தும் நிறுக்கிறதைப் பார்க்காமல் போகிறதில்லை என்ற முடிவோடு இருந்தார்.

கணக்கு இதுதான். சட்டிக்கு நாற்பது லிட்டர் பால். ஆறு சட்டிக்கு இருநூற்று நாற்பது. வற்றி வந்தால் எழுபத்தெட்டு கிலோ தேறும். ஒரு சட்டி தீய்ந்தால் பதின்மூன்று கிலோ போய்விடும். மறுபடி போடலாம் என்றால் பால் சாயங்காலம்தான் வரும். ஆறு சட்டியும் தப்பினால் ரஹ்மத்துக்கு மோட்டார் உண்டு. இல்லையென்றால் இல்லை. தோளை வைத்துக்கொண்டு அவர் கரண்டி பிடிக்கப் போவதும் இல்லை. தொழிலை மூட வேண்டியதுதான்.

அன்றைக்குப் பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் ஐந்து வரைக்கும் இல்லை. அதனால் ராஜுவை வரச்சொன்னோம். ஒன்பது மணிக்குப் பால் ஏற்றுமுன் ராஜு இன்ஜினை ஓட்டிக் காட்டினார். நான் பேனலில் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் தள்ளினேன். கொட்டகையில் லைட் எல்லாம் எரிந்தது. மேலே ஃபேன் சுற்றியது.

"ஓக்கேவா அண்ணே?" என்றார் ராஜு.

"ஓக்கே" என்றேன்.

அங்கேதான் தப்பு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தெருவில் டிரான்ஸ்பார்மர் மாற்றினார்கள். மாற்றியவர்கள் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துதான்னு பாத்துக்கோங்க" என்றார்கள். பார்த்தேன். எதிர்ப்பக்கம்தான் சுற்றியது. மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும். உங்களுக்குத் தெரியும்.

எங்கே மாற்றுவது என்பதுதான் விஷயம். பேனலில் கைப்பிடி மேலே இருந்தால் போர்டு கரண்ட், தெருவிலிருந்து வருவது. கீழே இருந்தால் ஜெனரேட்டர். நடுவில் இருந்தால் எதுவும் இல்லை. கைப்பிடியைத் தாண்டி மோட்டாருக்குப் போகிற வயர் இரண்டுக்கும் பொது. மாறியது போர்டு கரண்ட். அதனால் போர்டு வயர் உள்ளே வருகிற இடத்தில் மாற்றியிருக்க வேண்டும். அதற்கு மீட்டர் பக்கம் போய் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். எனக்குச் சோம்பல். கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டு பொது வயரை மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலை. மோட்டார் சரியாகச் சுற்றியது. டீ குடித்தேன். இரண்டு வடை தின்றேன்.

போர்டு கரண்டுக்குச் சரியாகிவிட்டது. அதே நேரம் ஜெனரேட்டருக்குத் தலைகீழாகிவிட்டது. இரண்டு வாரமாகக் கரண்ட் போகவே இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

காலையில் லைட் எரிந்ததைப் பார்த்து ஓக்கே சொன்னேன். லைட்டுக்குத் திசை கிடையாது. மேலே சுற்றுகிற ஃபேனுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. மூன்று வயர் மோட்டாருக்குத்தான் தெரியும். ஒரு மோட்டாரையாவது தட்டிவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பத்து மணிக்குச் சொன்னபடி கரண்ட் போனது. பால் பாதி வற்றிப் பொங்கிக்கொண்டிருந்தது. அடியில் புளியவிறகு நின்று எரிந்தது. ராஜு இன்ஜினை எடுத்தார். நான் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். மோட்டார்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பேச்சி ஓடினார். சட்டி சட்டியாகப் பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனார். ஆறு சட்டி மோட்டார். கடைசியாகச் சுவரில் இருக்கிற பெரிய புகை ஃபேன். ஏழும் ஒரே மூச்சில்.

ஜெனரேட்டர் 'ம்ம்' என்று ஒரு முனகல் முனகியது. லைட் மஞ்சளாகி மங்கியது. பேனலுக்குள் டகடகடகவென்று சத்தம். வெளியே கறுப்பாக ஒரு புகை. நின்றுவிட்டது.

"ஏட்டி பேச்சி! என்னத்தட்டி அமுக்குன?" என்றார் மாரியம்மாள்.

"எல்லாத்தையுந்தான்" என்றார் பேச்சி. அதோடு சிரிப்பு ஆரம்பமாகிவிட்டது.

பேச்சியைத் திட்ட முடியாது. போர்டு கரண்டில் தினமும் அப்படித்தான் அமுக்குவார். அது தாங்கும். பின்னால் ஊரே இருக்கிறது. ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு இன்ஜின்தான் இருக்கிறது. மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பெரியதை முதலில் போட வேண்டும். அது நிதானத்துக்கு வந்த பிறகு சின்னது ஒவ்வொன்றாக. இதை நான் பேச்சிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுவும் என் கணக்குத்தான்.

ராஜு மறுபடி எடுத்தார். நான் பெரிய ஃபேனை முதலில் போட்டேன்.

சோழபுரத்துச் சித்தப்பா சரக்குக்குக் காத்திருந்தார். காற்று வரும் என்று நாற்காலியை அந்த ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருந்தார். அது கொட்டகைப் புகையை வெளியே தள்ளுகிற ஃபேன், அதற்கும் மூன்று வயர். அன்றைக்கு வெளியிலிருந்து உள்ளே தள்ளியது. குழாயில் ஒரு வருஷத்துக் கரி ஒட்டியிருந்தது. அவ்வளவும் சித்தப்பா மேல்.

நல்ல வேளை, சட்டிகள் அந்தப் பக்கம் இல்லை.

சித்தப்பா எழுந்து நின்றார். கண் இரண்டும் பல்லும்தான் வெள்ளை. வேட்டியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"ஏப்பா கரண்டுக்காரரே" என்றார். "இது காத்தா, இல்ல வேற எதுவுமா?"

பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். கை முந்திவிட்டது. ஃபேனை நிறுத்தினேன். முதல் சட்டியைப் போட்டேன். இரும்புக் கை எதிர்ப்பக்கம் சுற்றியது. அடிக்கட்டை வழிக்கவில்லை. பாலின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நடுவுக்குத் தள்ள வேண்டிய பாலை ஓரத்துக்குத் தள்ளியது. ஒரு அலை அடித்து விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தது. பெரிய பாய் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். செருப்பு நிறையப் பால்.

"அண்ணே" என்றார் மாரியம்மாள். "கட்டை அடியத் தொடலண்ணே. இன்னும் செத்த நேரம் போனா பிடிச்சிரும்."

நிறுத்தினேன். ரஹ்மத் என்னைப் பார்த்தார்.

"என் தப்பு தங்கச்சி" என்றேன். "மாத்தணும். ஜெனரேட்டர நிறுத்தணும்."

"எம்புட்டு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

"பால் அஞ்சு நிமிஷம் நிக்காதுண்ணே."

"விறக இழுத்துப் போட்டா?" என்றார் பாய்.

"பாதியில சூடு போனா பதம் திரும்பாது" என்றார் மாரியம்மாள். "திரும்புனாலும் அது பால்கோவா இல்ல பாய். நீங்க சொன்ன பசைதான்."

ரஹ்மத் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஆட்களை எண்ணினார். என்னைக் கழித்தால் ஆறு பேர். ஆறு சட்டி.

மூலையில் பழைய கரண்டிகள் கிடந்தன. ஆள் உயரம். ஆறையும் எடுத்துக் கையில் கையில் கொடுத்தார். தனக்கு ஒன்று, இடது கையில். பேச்சிக்கு ஒன்று, சிரிப்போடு. ராஜு இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தார். அவருக்கு ஒன்று. சித்தப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"மாமா, கோவிச்சுக்கிடாதீங்க."

"இனிமே எனக்கு என்னம்மா அழுக்காகப் போவுது?" என்றார் சித்தப்பா. வேட்டியை மடித்துக் கட்டினார்.

மிச்சம் ஒரு கரண்டி. ரஹ்மத் பெரிய பாயிடம் நீட்டினார்.

"மச்சான், பழையபடி கரண்டிதான்னு சொன்னீக."

பாய் வாங்கிக்கொண்டார்.

நான் பேனலைத் திறந்தேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் கை நேராகப் பொது வயரின் ஸ்க்ரூவுக்குப் போனது. இரண்டு வாரம் முன்னால் மாற்றிய அதே இடம். அங்கே திரும்ப மாற்றினால் இரண்டே நிமிஷம். ஜெனரேட்டரில் சரியாகச் சுற்றும். ஆர்டர் தப்பும். ஸ்க்ரூ டிரைவரை வைத்தே விட்டேன்.

அங்கே மாற்றினால் கரண்ட் வந்தபிறகு மறுபடி தலைகீழ். ஐந்து மணிக்குத்தான் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் கணக்கு. சீக்கிரம் வந்தால்? ஒரே தப்பை ஒரே இடத்தில் இரண்டாம் தடவை செய்வதா என்றும் இருந்தது.

கையை எடுத்தேன். மீட்டர் பக்கம் போய் ஃபியூஸைப் பிடுங்கினேன். கரண்ட் இல்லைதான். இருக்கிறது என்று நினைத்துத்தான் தொட வேண்டும். ஜெனரேட்டர் வயர் உள்ளே வருகிற இடம் பேனலின் அடியில். தகடு போட்டு நான்கு போல்ட். மூன்று கழன்றது. நான்காவது துருப்பிடித்திருந்தது.

போர்டு வயரை அது வருகிற இடத்தில் மாற்றி, பொது வயரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் முறையான வேலை. அதற்கு அரை மணி நேரம் வேண்டும். அதைப் பிறகு செய்யலாம். இப்போது ஜெனரேட்டர் பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு கரண்டுக்கும் திசை ஒன்றாகிவிடும்.

எனக்குப் பின்னால் நடந்தது முழுக்கக் காதில் விழுந்ததுதான்.

"பாய், மேலாப்புல தடவாதீங்க. அடியத் தொடுங்க."

"தொடுறேன்ல."

"தொடல. சத்தம் வரல. கரகரன்னு சத்தம் வரணும்."

"எங்கொட்டகையில என்னையே அதட்டுறா பாரு."

"கொட்டகை ஒங்களோடது பாய். சட்டி எங்களோடது."

ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வேகம். கரண்டியும் கரண்டியும் இடித்துக்கொண்டன. ராஜுதான் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவசரத்தில் வீட்டுப் பாஷை வந்துவிட்டது. "ஒகட்டி! ரெண்டு! மூடு! நாலுகு!" நாலுகுக்கு எல்லோரும் அடியை வழிக்க வேண்டும். மாரியம்மாளும் சேர்ந்து சொன்னார். சித்தப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. நாலுகு வரும்போதெல்லாம் ஜல்லிக்கட்டில் நிற்கிறவர் மாதிரி ஒரு குரல் கொடுத்தார். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கரி பூசிய ஆள், பால் நனைந்த செருப்போடு ஒரு பாய், அழுகிற மாதிரி சிரிக்கிற பேச்சி. என்ன நினைத்தார்களோ.

"அண்ணே முடிஞ்சுதா?" இது ரஹ்மத்.

"ஒரு போல்ட்."

"ஒகட்டி!"

"சித்தப்பா, கரண்டிய நக்காதீங்க!" இது மாரியம்மாள்.

"பதம் பாத்தேம்மா."

"பதம் நான் பாத்துக்கிடுதேன். அந்தக் கைய மட்டும் ஆட்டுங்க."

போல்ட்டை நான்கு அடி அடித்தேன். நானும் அந்தக் கணக்குக்குத்தான் அடித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது. நாலுகுவில் விட்டுக்கொடுத்தது. இரண்டு வயரை மாற்றினேன். முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். தகட்டை மூடினேன். ஃபியூஸை வைத்தேன். கைப்பிடி நடுவில். ஐந்து நிமிஷம் என்று சொன்னது ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"ராஜு, எடு. பேச்சி, நீ எதையும் தொடாத."

ராஜு கரண்டியைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா இரண்டு சட்டிக்கு நடுவில் நின்று இரண்டு கையாலும் கிண்டினார். இன்ஜின் கிளம்பியது. கைப்பிடியைக் கீழே இழுத்தேன். பெரிய ஃபேன் முதலில். புகை வெளியே போனது. பிறகு முதல் சட்டி. கட்டை அடியில் கரகரவென்று வழித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாரியம்மாள் கரண்டியைத் தூக்கிக் கும்பிட்டார். பத்து எண்ணி இரண்டாவது. பத்து எண்ணி மூன்றாவது. ஒவ்வொருவராகக் கரண்டியை வெளியே எடுத்தார்கள்.

கடைசிச் சட்டி பாயுடையது. மோட்டார் சுற்ற ஆரம்பித்த பிறகும் அவர் கரண்டியை எடுக்கவில்லை. இரும்புக் கை வந்து கரண்டியில் இடித்தது.

"மச்சான், விடுங்க" என்றார் ரஹ்மத்.

"விட வரல" என்றார் பாய். விரல் மடங்கி அப்படியே நின்றுவிட்டது. ரஹ்மத்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பாய் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளைப் பிடித்துப் பார்த்தார். பதினோரு வருஷம் என்று யாரும் சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்குப் பேனலில் சிவப்பு லைட் எரிந்தது. போர்டு கரண்ட் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிந்ததாம். பால் இறுகிக் களிபோல ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தில் ஆறு பேர் இல்லை, அறுபது பேர் வந்தாலும் கையால் கிண்ட முடியாது.

"டீசல் எவ்வளவு இருக்கு?" என்றேன்.

ராஜு குச்சியை விட்டுப் பார்த்தார். "அடியில ஆடுது."

"எத்தன நிமிஷம் ஓடும்?"

"ஓடுற வரைக்கும் ஓடும் அண்ணே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சிகூடச் சிரிக்கவில்லை. கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மோட்டார் எல்லாம் நின்றது. மேலே தள்ளினேன். முதல் சட்டியைப் போட்டேன்.

சரியான பக்கம் சுற்றியது.

பேச்சியைப் பார்த்து, "இப்ப அமுக்கு" என்றேன். ஓடினார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அமுக்கினார். தாங்கியது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஒன்றை மாற்றினால் இரண்டு கரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். லைட்டைப் பார்த்து ஓக்கே சொல்லாதீர்கள். ஜெனரேட்டரில் பெரியதை முதலில் போடுங்கள். அவசரத்தில் கை பழைய இடத்துக்குத்தான் போகும். அப்போது ஒரு மூச்சு நில்லுங்கள். தப்பு உங்களுடையது என்றால் முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் ஆறு பேர் கரண்டி எடுப்பார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நிறுவை. தராசைப் பெரிய பாய்தான் பார்த்தார். வேறு யாரையும் பார்க்க விடவில்லை. டப்பா டப்பாவாக வைத்தார்கள். ஆறு சட்டியில் ஒன்றுகூட அடி பிடிக்கவில்லை. ஆனால் பால் வெளியே அடித்திருந்தது. ஆறு கரண்டியில் ஒட்டியிருந்தது. சித்தப்பா வயிற்றிலும் கொஞ்சம் இருந்தது.

"எழுபத்துநாலு முந்நூறு" என்றார் பாய்.

சித்தப்பா, "எனக்கு இது போதும்யா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நான் சொன்னது எழுபத்தஞ்சு" என்றார் பாய். அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை. சொன்ன வார்த்தை முன்னால் நின்றது.

மாரியம்மாள் ஒரு ஸ்பூனை எடுத்தார். நின்றிருந்த மோட்டார்களுக்கு அடியில் குனிந்தார். இரும்புக் கைகளில், கட்டைகளின் பின்பக்கம், மூட்டுகளில் வழிக்க ஆரம்பித்தார். ஒரு கை, இரண்டு கை. ரஹ்மத்தும் ஒரு ஸ்பூன் எடுத்தார். பேச்சி ஒன்று. ராஜு கணக்குச் சொன்னார். பாய் ஸ்டூலிலிருந்து எழுந்துபோய் ஆறாவது மோட்டாரின் கையைத் தானே வழித்துக் கொண்டுவந்து தராசில் தட்டினார்.

குனிந்து படித்தார்.

எழுபத்தைந்து கிலோ நூற்று இருபது கிராம்.